விருது பெற்ற எரிவாயுத் தொட்டி: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

சமையலறைக் கழிவில் எரிவாயு எடுக்கும் வீட்டுத் தொட்டிகளைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஆஷ்டன் விருதின் பெயரும் கூடவே வரும். பிரிட்டனில் 2001-இல் தொடங்கப்பட்ட இந்த விருது, புதுப்பிக்கத்தக்க எரிசக்தியை மக்களின் வீடு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களுக்கு வழங்கப்படுவது. 2006-இல் புனேயின் ஆர்ட்டி நிறுவனத்துக்கும், கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் அமைப்புக்கும் கிடைத்தது. அடுத்த ஆண்டே திருவனந்தபுரத்தின் பயோடெக் நிறுவனத்துக்கும் வந்தது. மூன்றும் எரிவாயுத் தொட்டிக்காகத்தான். ஆனால் மூன்றுக்கும் காரணம் ஒன்றல்ல. அதைக் கவனிக்காமல் தொட்டியை மட்டும் வாங்கிவைத்த வீடுகளில்தான் அது ஆறே மாதத்தில் மழைநீர் பிடிக்கும் டிரம்மாகிவிடுகிறது.

ஆர்ட்டிக்கு விருது வந்தது, தொட்டிக்கு என்ன தீனி போடுவது என்ற யோசனைக்காக. சாணம் என்பது மாடு ஏற்கெனவே சத்தை உறிஞ்சிவிட்டு வெளியே தள்ளியது. அதற்குப் பதில் மாவுச்சத்தையே நேரடியாகக் கொடுத்தால் சின்னத் தொட்டியே போதும் என்று ஆர்ட்டியின் நிறுவனர் ஆனந்த் கர்வே காட்டினார். நார்டெப்புக்கு வந்தது, வாயு போக மிஞ்சும் கரைசலை உரமாக்கி, அதையும் வருமானமாகக் கணக்கில் சேர்த்ததற்காக. பயோடெக்குக்கு வந்தது, கேரளத்தில் சுமார் 12,000 வீடுகளிலும், பள்ளி, விடுதி, சந்தை என்று பொது இடங்களிலும் தொட்டி வைத்து, குப்பையை அது விழும் இடத்திலேயே தீர்த்ததற்காக. சரியான தீனி, கரைசலுக்கு ஒரு போக்கிடம், வைத்த பிறகும் வந்து பார்க்க ஆள்: இந்த மூன்றும் உங்கள் வீட்டில் இருந்தால்தான் விருதுக்குரிய பொருள் உங்களிடம் இருக்கிறது. இல்லையென்றால் இருப்பது வெறும் பிளாஸ்டிக்.

இங்கே எடுத்துக்கொள்வது பரவலாகக் கிடைக்கும் 1,000 லிட்டர் மிதக்கும் டிரம் மாதிரியை. ஃபைபரிலோ கறுப்புப் பிளாஸ்டிக்கிலோ வரும்.

முதலில் வாயுக் கணக்கு. பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. 2 கிலோ மாவுச்சத்தில் 500 கிராம் மீத்தேன் (தொட்டி வாயுவில் எரியும் பகுதி) கிடைக்கும் என்பது ஆர்ட்டி சொன்ன கணக்கு. வேதியியல்படி 2 கிலோ மாவுச்சத்திலிருந்து அதிகபட்சமாக 590 கிராம் வரை வரலாம் என்பதால் இது நம்பத்தக்கதே. ஆனால் அந்த 2 கிலோ உலர்ந்த மாவு. நம் வீட்டுக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். சோற்றில் உலர்பொருள் 30 சதவீதம் என்றால் பூசணித் தோலிலும் முட்டைக்கோஸ் இலையிலும் 10 சதவீதம்கூடத் தேறாது. ஆகவே 5 கிலோ மிச்சச் சோறு போட்டால் ஏறக்குறைய 1 கன மீட்டர் வாயு வரும். 5 கிலோ காய்கறித் தோல் போட்டால் கால் கன மீட்டர்தான். ‘5 கிலோவுக்கு 1 கன மீட்டர்’ என்று விற்பவர் சொன்னால் அது பொய்யல்ல, ஆனால் அது சோற்றுக் கணக்கு. கலந்த கழிவுக்குக் கிலோவுக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இனி அடுப்புக் கணக்கு. பயோகேஸ் அடுப்பில் வழக்கமான பர்னர் மணிக்கு 450 லிட்டர் வாயு குடிக்கும். 5 கிலோ கலந்த கழிவில் வரும் 500 லிட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எரியும். 1 கன மீட்டர் வாயு, வெப்பத்தில் 0.45 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். அப்படியென்றால் தினமும் 225 கிராம் மிச்சம், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று 63 நாளுக்கு வரும் அளவு. ஆண்டுக்கு ஆறு சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் ஊரில் சிலிண்டர் விலையால் பெருக்கி, தொட்டி விலையோடு ஒப்பிட்டால் எத்தனை ஆண்டில் போட்ட காசு திரும்பும் என்று தெரிந்துவிடும்.

நாலு பேர் வீட்டில் தினமும் 5 கிலோ கழிவு எங்கே வரும்? ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை. 13 முதல் 20 நிமிடச் சுடர். காலைக் காப்பிக்கும் ஒரு குழம்புக்கும் சரி. ஆண்டுக்கு ஒன்றரைச் சிலிண்டர்தான் மிச்சமாகும். இந்தக் குடும்பம் 1,000 லிட்டர் தொட்டி வாங்கினால் வாயுவுக்காக வாங்கியதாக நினைக்கக் கூடாது. குப்பை வாசலைத் தாண்டாது, செடிக்கு உரம் கிடைக்கும், கூடவே சுடரும் வரும் என்று வாங்கினால் மனநிறைவு இருக்கும்.

உண்மையில் இந்தத் தொட்டி பொருந்துவது 15, 20 பேருக்குச் சமைக்கும் இடத்துக்கு: சின்ன மெஸ், மாணவர் விடுதி, முதியோர் இல்லம், மாவுக் கடை. இட்லி மாவு அரைத்து விற்கும் கடைக்கு இதைவிட நல்ல ஜோடி இல்லை. புளித்துப் போன மாவும் அரிசி கழுவிய தண்ணீரும் தொட்டிக்கு முதல்தரத் தீனி. வடித்த கஞ்சி 2 லிட்டர் ஊற்றினாலே ஐந்து நிமிடச் சுடர் கிடைக்கும். மாவு மில்லில் கூட்டி அள்ளிய மாவு, வண்டு விழுந்த தானியம், சாப்பிட ஆகாத புண்ணாக்கு எல்லாம் கையளவு சேர்த்தால் போதும். கல்யாண மண்டபம் மட்டும் வேண்டாம். ஒரு நாள் 100 கிலோ, பிறகு பத்து நாள் பட்டினி என்றால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர் தாங்காது.

தொட்டியில் பார்க்க வேண்டியவை

அமைப்பு எளிது. கீழே 1,000 லிட்டர் செரிப்புத் தொட்டி, அதற்குள் தலைகீழாகக் கவிழ்த்த 750 லிட்டர் வாயு டிரம், அடி வரை இறங்கும் 3 அல்லது 4 அங்குலத் தீனிக் குழாய், எதிர்ப்பக்கம் கரைசல் வழியும் குழாய், டிரம்மின் உச்சியில் வால்வு. வாயு சேரச் சேர டிரம் எழும்பும், எரிக்க எரிக்க இறங்கும்.

நாங்கள் முதலில் பார்ப்பது தண்ணீர் உறை இருக்கிறதா என்பதை. மலிவான மாதிரிகளில் டிரம் நேராகக் கரைசலுக்குள்ளேயே மிதக்கும். தொட்டி விட்டம் 110 செ.மீ., டிரம் விட்டம் 100 செ.மீ. என்றால் கரைசலின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறந்து கிடக்கும். அங்கே விளையும் வாயு அடுப்புக்கு வராமல் காற்றில் போகும். நாற்றமும் கொசுவும் அங்கிருந்துதான். மீத்தேன், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு. சுற்றுச்சூழலுக்காக வாங்கிய பொருள் அதைக் கசியவிடுவது மனதுக்கு ஒப்பவில்லை. நார்டெப் பின்னாளில் சமையலறைக் கழிவுக்கென வடிவமைத்த ‘சக்தி சுரபி’ போன்றவற்றில், செரிப்புத் தொட்டியைச் சுற்றி இரட்டைச் சுவர் கட்டி நடுவில் தண்ணீர் நிற்கும். டிரம்மின் விளிம்பு அந்தத் தண்ணீரில் இறங்கி நிற்பதால் கரைசல் முழுவதும் மூடப்பட்டுவிடுகிறது. விலை கூடும். ஆனாலும் வீட்டுக்கு வாங்குவதென்றால் இதைத்தான் வாங்கச் சொல்வோம். ஒன்று மட்டும் கவனம்: உறைத் தண்ணீர் தெளிவாக நிற்பதால் டெங்குக் கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறை இரண்டு கரண்டி வேப்பெண்ணெய் ஊற்றி, ஆவியான தண்ணீரையும் நிரப்ப வேண்டும். மட்டம் இறங்கிவிட்டால் வாயு விளிம்பு வழியாக ஓடிவிடும்.

வால்வும் குழாயும் பிவிசி, எச்டிபிஇ எனும் கெட்டிப் பிளாஸ்டிக், நல்ல ரப்பர் என்று இருக்கட்டும். இந்த வாயுவில் அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. அது இரும்பை அரிக்கும், செம்பைக் கறுக்கவைக்கும். ஒரு பிளாஸ்டிக் குடுவையில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அடைத்து, வாயு அதன் வழியாகப் போகும்படி வைத்தால் பெரும்பகுதி அங்கேயே பிடிபடும். நார் முழுவதும் கறுத்து உதிரத் தொடங்கினால் மாற்ற வேண்டும்.

இடம், எடை, அழுத்தம்

நிரம்பிய தொட்டி ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். அந்த எடை முழுவதும் ஒரு சதுர மீட்டர் இடத்தில் இறங்கும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு வழக்கமாகக் கணக்கிடும் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 150 கிலோதான். எனவே தளத்தின் நடுவில் வைக்கவே கூடாது. தூணும் உத்தரமும் சேரும் இடத்தில், எடையைப் பரப்பும் மேடை அமைத்து, பொறியாளரிடம் காட்டிய பிறகே மாடிக்கு ஏற்ற வேண்டும். தரையில் வைக்க இடமிருந்தால் பேச்சே இல்லை, தரைதான்.

வெயில் படும் இடமாகப் பாருங்கள். கரைசல் 30 முதல் 37 டிகிரி வரை இருந்தால் வேலை வேகமாக நடக்கும். 20 டிகிரிக்குக் கீழே வாயு கண்கூடாகக் குறையும், 15-க்குக் கீழே ஏறக்குறைய நின்றே போகும். சென்னை, மதுரை, தூத்துக்குடிக்கு ஆண்டு முழுவதும் கவலை இல்லை. ஊட்டி, கொடைக்கானலில் இந்த மெல்லிய சுவர்த் தொட்டியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

சுடர் மெலிந்து எரிகிறது என்ற குறை அடிக்கடி வரும். பெரும்பாலும் வாயுவின் தரத்தில் பழுது இருக்காது, அழுத்தம்தான் போதாமல் இருக்கும். டிரம்மின் எடையைத் தவிர வாயுவை அடுப்புக்குத் தள்ள வேறு எதுவும் இல்லை. 100 செ.மீ. விட்டமுள்ள டிரம் 20 கிலோ என்றால் கிடைக்கும் அழுத்தம், இரண்டரை செ.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் அழுத்தம்தான். அடுப்புக்கு வேண்டியது 7.5 முதல் 10 செ.மீ. ஆக, டிரம்மின் மேல் 40 கிலோ செங்கல்லோ மணல் மூட்டையோ ஏற்ற வேண்டும், ஒரு பக்கமாகச் சாயாமல் சுற்றிலும் சமமாக. அடுப்பு எரியாத நேரத்தில் இறக்கிவைத்தால் சின்னக் கசிவுகள் குறையும்.

அடுப்பும் முக்கியம். சிலிண்டர் அடுப்பின் ஜெட் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த வாயுவுக்கு அது மிகவும் சிறியது. பயோகேஸுக்கென்றே வரும் பர்னரை வாங்குவதுதான் சரி. பழைய அடுப்பில் துளையைத் தாங்களே அகட்டுவது பிசகினால் சுடர் பர்னரை விட்டு எழும்பி அணையும், வாயு எரியாமல் வெளியேறும்.

குழாய் 10 மீட்டருக்குள் என்றால் அரை அங்குலம் போதும். 30 மீட்டர் ஓட வேண்டியிருந்தால் முக்கால் அல்லது ஒரு அங்குலம். தொட்டியை நோக்கிச் சரிவு இருக்கட்டும், மீட்டருக்கு ஒரு செ.மீ. வீதம். வாயுவோடு வரும் ஈரம் குளிர்ந்து குழாயின் பள்ளத்தில் தண்ணீராகத் தேங்கும்; சுடர் துடித்துத் துடித்து எரிந்தால் அதுதான் அறிகுறி. தாழ்வான இடத்தில் ஒரு டி இணைப்பும் அடைப்பானும் வைத்து, வாரம் ஒரு முறை திறந்து வடித்துவிட்டால் தீர்ந்தது.

டிரம்மின் பக்கவாட்டில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு பெயின்டில் போட்டுவையுங்கள். இந்த விட்டத்துக்கு ஒரு கோடு இறங்கினால் 78 லிட்டர் செலவு, அதாவது பத்து நிமிடச் சுடர். இன்று உலை வைக்க வாயு போதுமா என்று டிரம்மைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதல் இரண்டு மாதம்

தொடக்கத்துக்கு 150 முதல் 200 கிலோ புதுச் சாணம் வேண்டும். காய்ந்த வறட்டி உதவாது. சம அளவு தண்ணீரில் கரைத்து, வைக்கோலும் கல்லும் எடுத்து ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்துப் பயன்படுத்துங்கள். நுண்ணுயிரைக் கொல்லத்தான் குளோரின் போடுகிறார்கள், அது இங்கேயும் அதே வேலையைச் செய்யும்.

பத்துப் பதினைந்து நாளில் டிரம் எழும்பும். அந்த முதல் வாயுவைப் பற்றவைக்கவே கூடாது. அதில் கரியமில வாயு மிகுதி, காற்றும் கலந்திருக்கும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் வெடிக்கும். டிரம்மைத் திறந்துவிட்டுக் காலி செய்து, இரண்டாவது முறை நிறைந்ததையும் பெரும்பாலும் வெளியேவிட்டு, அதன் பிறகு அடுப்பில் சோதியுங்கள். டிரம்மின் வால்விலேயே தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. கசிவு பார்க்கச் சோப்பு நுரை மட்டுமே.

சுடர் நீலமாக நின்ற பிறகு தீனியைத் தொடங்க வேண்டும். முதல் வாரம் தினமும் அரைக் கிலோ. பிறகு நான்கைந்து நாளுக்கு ஒரு முறை அரைக் கிலோ கூட்டிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தில் 5 கிலோவை எட்டலாம். பாக்களவு நறுக்கி அல்லது பழைய மிக்ஸியில் அடித்து, சம அளவு தண்ணீரோடு, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஊற்றுங்கள்.

போடக் கூடாதவை: எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல் (அந்த எண்ணெய் நுண்ணுயிரை முடக்கும்), வெங்காயச் சருகு, முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் நார், முருங்கைக்காய்ச் சக்கை, வாழை இலை, ஊறுகாய், சோப்புத் தண்ணீர். நாரும் சருகும் செரிக்காது. மேலே மிதந்து கெட்டியான ஏடாகி வாயுவை மேலே விடாமல் தடுக்கும். மீன் கழிவு கொஞ்சம் பரவாயில்லை, நாற்றம் கூடும்.

புளித்துப் போதல்

இந்தத் தொட்டிகள் கைவிடப்படுவதற்கு நாங்கள் கண்ட முதன்மைக் காரணம் இது, அதனால் கொஞ்சம் விரிவாக. உள்ளே இரண்டு வகை நுண்ணுயிர்கள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. முதல் வகை சோற்றையும் மாவையும் அமிலமாக்கும். அது மணிக்கணக்கில் பெருகும். இரண்டாவது வகை அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும். அது பெருக நாள்கணக்கில் ஆகும். விருந்து முடிந்து 15 கிலோ சோறு மிச்சம், வீணாக்க வேண்டாமே என்று ஒரே நாளில் கொட்டினால் முதல் வகை அமிலத்தைக் குவித்துவிடும். இரண்டாவது வகைக்கு அந்தப் புளிப்பு ஆகாது. அது சாகச் சாக அமிலம் மேலும் கூடும்.

ஏமாற்றுவது என்னவென்றால், அன்று டிரம் வழக்கத்தைவிட வேகமாக எழும்பும். நிறைய வாயு என்று மகிழ்ந்து பற்றவைத்தால் பிடிக்காது; வந்திருப்பது பெரும்பாலும் கரியமில வாயு. வழியும் கரைசலில் பழங்கஞ்சிப் புளிப்பு வாடை அடிக்கும். புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாள் ஒரு பெட்டி வாங்கிவைத்து வாரம் ஒரு முறை கரைசலில் தோய்த்துப் பாருங்கள். 6.8 முதல் 7.5 வரை நலம். 6.5-க்குக் கீழே போனால் அன்றே தீனியை நிறுத்த வேண்டும்.

சரிசெய்ய, ஐந்து முதல் ஏழு நாள் பட்டினி போடுங்கள். தினமும் 250 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பிஎச் 6.8-ஐத் தொடும்வரை மூன்று நான்கு நாள் ஊற்றுங்கள். 20 லிட்டர் புதுச் சாணக் கரைசலும் சேருங்கள். சுண்ணாம்பை அள்ளிப் போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது அடியில் கட்டியாகப் படியும், அளவும் எளிதில் மிஞ்சும். சோடாவே நல்லது. சுடர் திரும்பியதும் மறுபடி அரைக் கிலோவிலிருந்து தொடங்க வேண்டும். பழைய அளவிலிருந்து தொடங்கினால் அடுத்த வாரமே மறுபடி புளிக்கும்.

வெளியே வரும் பத்து லிட்டர்

5 கிலோ கழிவும் 5 லிட்டர் தண்ணீரும் உள்ளே போனால் பத்து லிட்டர் கரைசல் வெளியே வந்தே தீரும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் இதை வாங்கும்போது நினைப்பதே இல்லை. சாக்கடையில் ஊற்றினால் நார்டெப் எதற்காகப் பாராட்டப்பட்டதோ அதைத் தூக்கி எறிந்ததாகிறது. ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்துச் செடிக்கு ஊற்றலாம். காய்ந்த இலைச் சருகின் மேல் ஊற்றி மட்கவைத்தால் இன்னும் நல்லது. ஒரு பகுதியை அடுத்த நாள் தீனியைக் கரைக்கத் தண்ணீருக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். அது தண்ணீரை மிச்சப்படுத்தும், நுண்ணுயிரையும் திரும்ப உள்ளே அனுப்பும். அப்படிச் செய்தாலும் மாதக்கணக்கில் முழுவதையும் சுற்றவிடாதீர்கள். உப்பும் அம்மோனியாவும் சேர்ந்துகொண்டே போகும். பத்துத் தென்னையோ ஒரு காய்கறித் தோட்டமோ வாங்கிக்கொள்ள ஆளோ இல்லாத இடத்தில் இந்த அளவுத் தொட்டி வேண்டாம். 500 லிட்டரோடு நில்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் விருதுச் சான்றிதழைக் கேட்பதைவிட, உங்கள் ஊரில் அவர் மூன்று ஆண்டுக்கு முன் வைத்த ஒரு தொட்டியின் இடத்தைக் கேளுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் காலை வேளையில் போங்கள். கரைசலில் பிஎச் தாளைத் தோய்த்துப் பாருங்கள், உறைத் தண்ணீரின் மட்டத்தைப் பாருங்கள், அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். பழுது பார்க்கக் கடைசியாக எப்போது ஆள் வந்தார் என்று அந்த வீட்டம்மாவிடம் கேளுங்கள்.